ஓனரம்மாவும் ஒரு நடவுத் தேதியும்

ஆபீஸில் என்னை ஓனரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பாசத்தில் அல்ல, கடுப்பில். அந்தக் கடுப்புக்குக் காரணம் நான்தான், அதில் எனக்கு ஒரு பெருமை வேறு இருந்தது. இன்றைக்கு அந்தப் பேர் யார் வாயிலாவது வந்தால் எழுந்து அந்தப் பக்கம் போய்விடுகிறேன்.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கரும்பை அரைத்த ஒரு சர்க்கரை ஆலையின் கரும்புப் பிரிவில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. எந்த ஆலை என்று சொல்லி இனி யாருக்கு என்ன ஆகப்போகிறது? வேலை என்னவென்று மட்டும் சொல்கிறேன். விவசாயி கரணையை, அதாவது விதைக் கரும்புத் துண்டை, நட்டதும் ஆலையின் களப் பணியாளர் வயலுக்கு வந்து பார்த்து, நட்ட தேதியைக் குறித்துக்கொண்டு போவார். அது எங்கள் கம்ப்யூட்டரில் ஏறும். யார் முன்னால் நட்டாரோ அவருக்கு முன்னால் வெட்டு உத்தரவு. உத்தரவு வராமல் கரும்பில் கத்தி வைக்க முடியாது, வைத்தால் ஆலை வாங்காது. முற்றின கரும்பு காத்துக் கிடந்தால் பூத்துக் காய்ந்து சக்கையாகிப் போகும். ஒரு குடும்பத்தின் ஒரு வருஷப் பாடு முழுக்க அந்த ஒரு தேதியை நம்பித்தான் நிற்கும்.

நான் சேர்ந்த புதிதில் அந்தத் தேதிகள் சந்தைக்கடை மாதிரி திறந்து கிடந்தன. டேட்டாபேஸில் ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு ஓனர் உண்டு. ஓனராக உள்ளே போகிறவர் எதையும் செய்யலாம். பார்க்கலாம், திருத்தலாம், நினைத்தால் மொத்தத்தையும் அழித்துப் போடலாம். மற்ற யாருக்கும் ஓனர் கொடுக்கிற அனுமதி எவ்வளவோ அவ்வளவுதான். எங்கள் ஆபீஸில் எல்லோருமே ஓனராகத்தான் உள்ளே போனார்கள். பாஸ்வேர்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மானிட்டர் மேலேயே ஒட்டியிருந்தார்கள். தபால் பார்க்கிற கிளார்க்குகூட உட்கார்ந்து எவருடைய நடவுத் தேதியையும் மாற்றிவிட்டு எழுந்து போகலாம். யார் மாற்றினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் வேலையாக அந்தக் காகிதத்தைக் கிழித்தேன். ஓனரின் பாஸ்வேர்டை மாற்றி என் மண்டைக்குள் மட்டும் வைத்துக்கொண்டேன். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், அவரவர் வேலைக்கு வேண்டிய அனுமதி மட்டும். புதுப் பதிவை ஏற்றுகிறவர் ஏற்றத்தான் முடியும், ஏற்றியதைத் திருத்த முடியாது. லிஸ்ட் எடுப்பவர் பார்க்கத்தான் முடியும், தொட முடியாது. நடவுத் தேதியில் பிழை இருந்தால் களப் பணியாளர் திருத்தச் சீட்டு எழுத வேண்டும், கரும்பு அலுவலர் கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம்தான் என் மேஜைக்கு வரும். ஓனரை டேபிள் அமைப்பை மாற்ற மட்டும்தான் பயன்படுத்துவேன், ஒருவருடைய தேதியிலும் அந்தக் கையால் தொட மாட்டேன் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ஓனரிடமிருந்து அனுமதியை யாராலும் பிடுங்க முடியாது. அதனால் ஓனரை அடக்குவதற்கு ஓனரின் மனசாட்சி ஒன்றுதான் வழி என்று பெரிய மனுஷி மாதிரி பேசிக்கொண்டு திரிந்தேன். இப்படித்தான் ஓனரம்மா ஆனேன்.

அப்புறம் மாவட்டத்தைப் பிரித்தார்கள். பெரம்பலூரிலிருந்து அரியலூர் தனியாகப் போனது. மாவட்டவாரியாக அறிக்கை வேண்டும் என்றார்கள். அரியலூர்ப் பக்கத்து ஊர்களை எல்லாம் தனி டேபிள்களாகப் பிரித்து, தனி ஓனர் வைத்து, அனுமதிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து முடித்து மூச்சு விட்டேன். விட்ட மூச்சைத் திரும்ப இழுப்பதற்குள் இரண்டையும் மறுபடி ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. பிரித்ததை எல்லாம் பழையபடி ஒட்ட வேண்டும். சேர்ப்பதற்கு முன்னால் அரியலூர் டேபிள்களை அப்படியே ஒரு பேக்கப் எடுத்து ஒரு சி.டி.யில் போட்டு வைத்தேன்.

அந்த அவசரத்தில்தான் அதைச் செய்தேன். சீசன் வேலைக்குப் புதிதாக எடுத்த கிளார்க்குகள் ஆளாளுக்கு அனுமதி கேட்டு என் வாசலில் நின்றார்கள். கரும்பு அலுவலர் வந்து, ஏம்மா, இதுக்கெல்லாம் நீ எதுக்குக் கஷ்டப்படுற, என் பேருல கொடுத்துடு, நான் பாத்துக்கிறேன் என்றார். தப்பில்லை என்றுதான் பட்டது. அனுமதி கொடுக்கும்போது கூடவே இன்னொன்றும் கொடுக்கலாம்: தனக்குக் கிடைத்த அனுமதியை அவரே பிறருக்கும் கொடுக்கிற உரிமை. அதைச் சேர்த்துக் கொடுத்தேன். புதிதாக ஏற்றுகிற அனுமதியை மட்டும் கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாக அடிக்கப் பொறுமை இல்லாமல் எல்லா அனுமதியையும் ஒரே வரியில் கொடுத்துவிட்டேன். சீசன் முடிந்ததும் பிடுங்கிவிடலாம் என்று நினைத்தேன், மறந்தே போனேன். அத்தனை பேர் கையைக் கட்டிப்போட்டவள், ஒருத்தர் கையில் கொத்துச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

என் அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். என்னைவிட ஒன்பது வயது பெரியவள். மாமா செத்தபிறகு பெண்ணை வைத்துக்கொண்டு, அரியலூர் போகிற வழியில் ஒரு கிராமத்தில் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு போட்டுக்கொண்டிருந்தாள். நிலத்துக்காரர் சென்னையில் இருந்தார். இந்த ஒரு வெட்டைப் பார்ப்பேன், சரியாக வராவிட்டால் தைலமரம் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பேன் என்று அக்காவிடம் கறாராகச் சொல்லியிருந்தார். தைலமரம் வந்துவிட்டால் குத்தகைக்கு அங்கே வேலை இல்லை. அந்த நிலத்தை விட்டால் அக்காவுக்கு வேறு போக்கும் இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

மழை பொய்த்த வருஷம் அது. மார்கழியில் வெட்டு வரிசையை ஒட்டினார்கள். மறுநாளே அக்கா பஸ் ஏறி என் ஆபீஸுக்கு வந்துவிட்டாள். அவள் வயல் எங்கேயோ கடைசியில் கிடந்தது. நடவுத் தேதியை மூன்று வாரம் தள்ளி மாசியில் போட்டிருக்கிறார்கள் என்றாள். அந்த மூன்று வாரத்தில்தான் பாதி ஊர் நட்டிருந்தது, அதனால் மூன்று வாரம் என்பது வரிசையில் மூன்று மாதமாகிவிட்டது. பங்குனிக்கு மேல் கிணற்றில் தண்ணீர் நிற்காது.

"தை கடைசி வெள்ளிடி. சிறுவாச்சூர் போயி கும்புட்டுட்டு வந்துதான் மொதக் கரணையே வச்சேன். அது எப்படி மறக்கும்?" என்றாள்.

நான் திரையில் அவளுடைய பதிவைத் திறந்தேன். மாசி என்றுதான் இருந்தது. ஒரு தேதியைக் கொடுத்தால் கிழமையைச் சொல்ல ஒரு வரி போதும். போட்டுப் பார்த்தேன். புதன்கிழமை என்று வந்தது. சிறுவாச்சூர்க் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். புதன்கிழமை கும்பிட்டுவிட்டு வந்து யாரும் கரணை வைக்க முடியாது. அக்கா சொல்வதுதான் சரி, ஏற்றும்போது யாரோ தப்பாக ஏற்றியிருக்கிறார்கள் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

திரையை மூடினேன்.

ஏன் மூடினேன் என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் சொல்வது சரி என்று என் வாயால் ஒப்புக்கொண்டால், அப்போ திருத்துடி என்பாள். நான் ஓனர். ஒரு வரி அடித்தால் தேதி தைக்குப் போய்விடும். ஓனரம்மா தன் அக்காளுக்கு மட்டும் தேதியைத் திருத்திக்கொண்டாள் என்று மறுநாள் ஆபீஸே கை கொட்டிச் சிரிக்கும். அந்தப் பேச்சுக்குத்தான் பயந்தேன். நேர்மை, நாணயம் எதுவும் இல்லை, வெறும் பயம்.

"நீ மாசியிலயுந்தான் கோயிலுக்குப் போன. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறக்கா. கம்ப்யூட்டருக்கு மறதி கெடையாது" என்றேன்.

அப்படியாடி இருக்கும் என்று மெதுவாகக் கேட்டாள். அப்படித்தான் என்றேன். எதற்கும் ஒரு மனு எழுதிக் கொடு, முறைப்படி விசாரிப்பார்கள் என்றேன். நான் தங்கச்சி என்று எங்கேயும் சொல்லிவிடாதே என்றும் சொன்னேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள். பதிவு நிலத்துக்காரர் பெயரில் இருந்ததால், சொல்லாமல் யாருக்கும் தெரியவும் வழியில்லை.

மனு கரும்பு அலுவலர் மேஜையில் போய் உட்கார்ந்தது. தை போனது, மாசி போனது. தினமும் அந்த மேஜையைத் தாண்டித்தான் சாப்பிடப் போவேன். மனு எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. கேட்டால் உனக்கென்ன அக்கறை என்பார்களே.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வயலுக்குப் போனேன். கரும்பு முழுக்கப் பூத்து நின்றது. சோகை இலை காய்ந்து, கை பட்டாலே சரசரவென்று நொறுங்கியது. கிணற்றில் அடிப்பாறை தெரிந்தது. பக்கத்து வயல்காரர் வந்து, பேசாமல் ஒரு குச்சியைக் கிழித்துப் போட்டுவிடு என்று அக்காவுக்கு யோசனை சொன்னார். எரிந்த கரும்புக்கு உடனே வெட்டு உத்தரவு வரும், அது எங்கள் பக்கத்து வழக்கம். ஆலை எடையில் கழித்துக்கொண்டாலும் பாதியாவது தேறும். வரிசையில் பின்தங்கிப்போன பல பேர் இப்படிச் செய்துவிட்டு, தானாகப் பற்றிக்கொண்டது என்று சொல்வார்கள். ஊருக்கே தெரிந்த ரகசியம்.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "தேதியத் தப்பாச் சொன்னது நானு. அதுக்குக் கரும்பு என்ன பாவம் பண்ணுச்சு, கொளுத்துறதுக்கு?" என்றாள்.

அவள் அதை நம்பிவிட்டாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அங்கேயே, அந்த வரப்பிலேயே சொல்லியிருக்கலாம். ஊர் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அழுது யாருக்கு என்ன பிரயோஜனம்?

சித்திரையில் வெட்டு உத்தரவு வந்தது. வெட்டு ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, இதை வெட்டினால் எங்கள் கூலிகூடத் தேறாது என்று திரும்பிப் போய்விட்டார்கள். நிலத்துக்காரர் சொன்ன மாதிரியே ஆடியில் தைலமரக் கன்று இறக்கினார். அக்கா சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு பெண்ணோடு அரியலூர் டவுனுக்குப் போய், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒற்றை அறையில் குடியேறினாள். ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலை கிடைத்தது.

மாதம் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். போகப்போக அவளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. எதையும் உறுதியாகச் சொல்வதை விட்டுவிட்டாள். நேற்று நடந்ததைக் கேட்டால்கூட, அப்படித்தான்னு நெனக்கிறேன், எதுக்கும் பாப்பாவ ஒரு வார்த்தை கேட்டுக்க என்று மகளைக் கை காட்டுவாள். பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பாள். மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் பெண் பிறந்த நேரத்தைக் கேட்டபோது, பெற்றவள் விழித்துக்கொண்டு நின்றாள். வயசாகிறது, கஷ்டத்தில் அடிபட்ட உடம்பு என்று நான் சொல்லிக்கொண்டேன். எனக்கு வசதியான எதையாவது சொல்லிக்கொள்வதில் நான் கெட்டிக்காரி.

இப்படியே சில வருஷம் ஓடியது. பிறகு மாவட்டத்தை மறுபடியும் பிரிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. டேபிள்களை மறுபடி இரண்டாக்க வேண்டும். ஆரம்பிக்கும் முன் யார் யாருக்கு என்னென்ன அனுமதி இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்தேன். அனுமதி பெற்றவர் பெயருக்குப் பக்கத்தில், அதைக் கொடுத்தவர் பெயரும் அதில் வரும். எல்லாவற்றிலும் ஓனர் என்றுதான் இருக்க வேண்டும். நடவுத் தேதி டேபிளில் ஆறு பேருக்குத் திருத்துகிற அனுமதி இருந்தது. ஆறு பேருக்கும் கொடுத்தவர் கரும்பு அலுவலர். அவருக்குக் கொடுத்தது ஓனர், அதாவது நான்.

பழைய சி.டி.யைத் தேடி எடுத்தேன். சேர்ப்பதற்கு முன் எடுத்த அந்தப் பேக்கப்பைத் தனியாக ஏற்றி, இரண்டிலும் நடவுத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அக்காவின் வயலுக்குப் பழைய பேக்கப்பில் தை கடைசி வெள்ளிக்கிழமை. யாரும் தப்பாக ஏற்றவில்லை. சரியாக ஏறியிருந்ததைப் பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள். அவளைப் போலவே இன்னும் பல பேர் பின்னால் தள்ளப்பட்டிருந்தார்கள், சில பேர் முன்னால் வந்திருந்தார்கள். முன்னால் வந்தவர்கள் எல்லாம் செல்வாக்கு உள்ளவர்கள், கரும்பு அலுவலருக்கு வேண்டியவர்கள். பின்னால் போனவர்கள் எல்லாம் கேள்வி கேட்க ஆள் இல்லாதவர்கள்.

பட்டியலை எடுத்துக்கொண்டு நேராகக் கரும்பு அலுவலரிடம் போனேன். அதற்குள் அவர் பதவி உயர்ந்து தனி அறைக்குப் போயிருந்தார். போட்டேன் ஒரு சத்தம். அவர் பதறவே இல்லை. அனுமதி கொடுத்தது நீதானே, கொடுத்த அனுமதிக்குள்தானே எல்லாம் நடந்திருக்கிறது என்றார். வேணும்னா மேலே எழுதிப் போடு, மொத விசாரணை உனக்குத்தான் என்றார். பட்டியலில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டி, இது என் அக்கா குத்தகைக்குப் பார்த்த வயல் என்றேன்.

அவர் முகம் நிஜமாகவே மாறியது. "அடடா. ஒன் அக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதத் தொட்டிருக்கவே மாட்டேனேம்மா" என்றார்.

என்ன மனுஷன் என்று திட்டிவிட்டு வரத்தான் தோன்றியது. திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? என் இடத்துக்கு வந்து ஓனராக உள்ளே போய் அவருக்குக் கொடுத்ததைப் பிடுங்கினேன். அவரிடமிருந்து பிடுங்கினால் அவர் கொடுத்த ஆறு பேருடையதும் தானாகவே போய்விடும். பத்து நிமிஷத்தில் போன் மேல் போன். வேலை நிற்கிறது, என்ன ஓனரம்மா பண்ணித் தொலைத்தீர்கள் என்று கத்தினார்கள். ஒற்றை வரி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அடித்திருக்க வேண்டிய வரி. மேலேயும் எழுதிப் போட்டேன். வாங்கிக்கொண்டார்கள், அதோடு சரி.

அடுத்த ஞாயிறு அரியலூர் போனேன். விடுதியின் பின்பக்கம் அக்கா உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தேதியை மாற்றியிருக்கிறார்கள், மாற்றுகிற அனுமதி என் கையிலிருந்துதான் போயிருக்கிறது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் இன்னொரு பொய்யாகிவிடும். நீ ஆபீஸுக்கு வந்த அன்றைக்கே நீ சொல்வதுதான் சரி என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டேதான் உன்னை மறதிக்காரி ஆக்கினேன், ஊர்ப் பேச்சுக்குப் பயந்துகொண்டு என்றும் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அடிப்பாள், காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவள் வேறொன்றைச் சொன்னாள். அந்த வருஷமே யாரிடமும் சொல்லாமல் திருச்சிக்குப் போய் ஒரு டாக்டரிடம் தலையைக் காட்டினாளாம். நட்ட நாளையே மறக்கிற அளவுக்கு ஆகிவிட்டதே, நாளைக்குப் பெற்ற பிள்ளையை மறந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாம். டாக்டர் ஒன்றும் இல்லை என்று சொல்லியும் நம்பவில்லையாம். என் தங்கச்சி படித்தவள், அவளே பார்த்துச் சொல்லிவிட்டாள், இந்த டாக்டர் என் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாளாம். இத்தனை வருஷமும் தன் வாயில் வருகிற எதையும் நம்பாமலே இருந்திருக்கிறாள்.

"அப்ப எனக்கு ஒண்ணும் ஆவல. அப்படித்தானே?" என்று கேட்டாள்.

இல்லைக்கா, உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

"கரும்பு போனாப் போவுதுடி, நெலமும் போனாப் போவுது. நீ தேதியத் திருத்த வேணாம். 'ஒனக்கு ஞாபகம் சரியாத்தான்க்கா இருக்கு, என்னால ஒண்ணும் செய்ய முடியாது'ன்னு அன்னைக்கு அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல நான் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை.